யார் கை சுட்டது?

2016-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிறந்த ஒரு கைபேசி, அக்டோபர் மாதத்தில் இறந்து போயிற்று. கொரியா தேசத்து சாம்சங் கம்பெனி பெற்றெடுத்த பிள்ளை அது. கேலக்ஸி நோட் 7 என்று நாமகரணம் செய்திருந்தார்கள். கடைக்கு வந்த சில நாளுக்குள் அங்கங்கே புகைய ஆரம்பித்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி கம்பெனி 25 லட்சம் கைபேசிகளைத் திரும்பக் கேட்டது. மாற்றிக் கொடுத்த புதியவையும் சும்மா இருக்கவில்லை, அவையும் புகைந்தன. அக்டோபர் 11-ஆம் தேதி, போதும் போதும் என்று அந்த ஜாதிக் கைபேசியின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2017 ஜனவரியில் முடிவைச் சொன்னார்கள். முதல் தொகுதியில் பாட்டரியின் மூலை நெருக்குண்டு, உள்ளே ஒன்றையொன்று தொடக்கூடாத இரண்டு தகடுகள் தொட்டுக்கொண்டனவாம். இரண்டாவது தொகுதியில், பற்றவைத்த இடத்தில் மிஞ்சிய உலோகப் பிசிறு நடுவிலிருந்த தடுப்பைக் குத்திவிட்டதாம். ஒரு பிசிறுக்காகக் கம்பெனி கொடுத்த விலை ஐந்நூறு கோடி டாலருக்கு மேல். அமெரிக்காவில் சிலர் கைபேசியைத் திருப்பித் தராமல் பிடிவாதமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆகாய மார்க்கமாகவே ஒரு மென்பொருளை அனுப்பி, அந்தக் கைபேசியில் மின்சாரமே ஏறாதபடி செய்துவிட்டார்கள்!

இந்த விருத்தாந்தத்தில் எனக்கு வியப்பளித்தது கைபேசி எரிந்த சங்கதி அல்ல. மனிதன் செய்கிற சாமானில் கோளாறு இருப்பது சகஜம். பிறந்ததற்கும் புதைத்ததற்கும் நடுவே இரண்டே மாதங்கள்தான் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. எல்லாக் கோளாறுகளும் இவ்வளவு சுறுசுறுப்பாகத் திருத்தப்படுகின்றனவா? அப்படி இல்லையென்றால், எது சீக்கிரம் திருந்துகிறது, எது திருந்தாமல் கிடக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட நான் கொரியாவுக்குப் போகவில்லை. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் தாண்டி, சிவகாசிப் பக்கம் போனேன். அங்கே செய்கிற இரண்டு சாமான்களின் சரித்திரத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. ஒன்று தீப்பெட்டி. மற்றொன்று பட்டாசு.

தீப்பெட்டியைப் போலச் சாதுவான சாமான் வீட்டில் வேறொன்று கிடையாது. சமையலறை மாடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அதன் மூதாதை இருக்கிறதே, அது பெரிய ராட்சசன்.

1830-ஆம் வருஷத்தை ஒட்டி, பிரான்ஸ் தேசத்தில் சார்ல்ஸ் சோரியா என்ற வாலிபர் குச்சியின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார். அந்தக் குச்சியை எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். சுவரில் உரசலாம், செருப்பின் அடியில் உரசலாம், பெட்டியே வேண்டியதில்லை. ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஐரோப்பா முழுவதும் தொழிற்சாலைகள் முளைத்தன. ஏழைப் பெண்களும் குழந்தைகளும் அங்கே வேலைக்குப் போனார்கள்.

வெள்ளைப் பாஸ்பரஸ் சும்மா இருக்கும்போதே ஆவி விடும். அந்த ஆவி, சொத்தைப் பல் வழியாகத் தாடைக்குள் இறங்கும். முதலில் பல்வலி, பிறகு ஈறு வீங்கும், அப்புறம் தாடை எலும்பே அழுகிச் சீழ் வடியும். நோயாளிக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாத நாற்றம். தாடையை அறுத்தெடுத்தால் உயிர் தப்பலாம், தப்பாமலும் போகலாம். 1845-ஆம் வருஷத்திலேயே வியன்னா நகரத்து வைத்தியர் லோரின்சர் இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார். ஆக, தீக்குச்சி பிறந்து பதினைந்து வருஷத்தில் கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டது.

பரிகாரமும் ஏறக்குறைய அதே சமயத்தில் தெரிந்துவிட்டது என்பதுதான் விசேஷம். பாஸ்பரஸுக்குச் சிவப்பு நிறத்தில் சாதுவான தம்பி ஒருவன் உண்டு. அவன் ஆவி விடமாட்டான், தாடையைத் தின்னமாட்டான். சுவீடன் தேசத்து ரசாயனப் பேராசிரியர் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-ஆம் வருஷத்தில் ஒரு யுக்தி செய்தார். சண்டைக்காரர் இருவரை ஒரே இடத்தில் வைத்தால்தானே ஆபத்து? பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் பூசிவிட்டார். பொட்டாசியம் குளோரேட்டைக் குச்சியின் தலையில் விட்டுவிட்டார். இரண்டும் சந்திப்பது மனிதன் உரசும்போது மட்டும்தான். பிறகு, யோன்ஷோப்பிங் ஊரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செப்பனிட்டு, 1855-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். இன்றைக்கு நம் மாடத்தில் இருப்பது அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைதான்.

சரி, நோயும் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. மறுநாளே வெள்ளைப் பாஸ்பரஸைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று வாசகர்கள் நினைக்கலாம். அதுதான் நடக்கவில்லை.

சிவப்புக் குச்சிக்கு விலை கொஞ்சம் கூட. அதோடு, பெட்டி இருந்தால்தான் பற்றும். எங்கே உரசினாலும் பற்றுகிற குச்சி மலிவாகக் கிடைக்கும்போது வாங்குகிறவர் எதைக் கேட்பார்? முதலாளிகளும் ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். நாம் நிறுத்தினால் அடுத்த தேசத்தான் விற்பான். நம் தொழிலாளிக்கு வேலை போகும் என்றார்கள். பின்லாந்து 1872-லும், டென்மார்க்கு 1874-லும் துணிந்து தடை செய்தன. பெரிய தேசங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் கதைக்குள் வருகிறார். பிற்காலத்தில் அடையாற்றில் குடியேறி, 1916-இல் ஹோம் ரூல் கிளர்ச்சி நடத்தி, 1917-இல் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த அன்னி பெசன்ட் அம்மையார்தான் அவர். 1888-ஆம் வருஷம் அம்மையார் லண்டனில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். நகரத்தின் கிழக்குப் பகுதியில் பிரயண்ட் அண்டு மே கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்களை நேரில் விசாரித்து, ஜூன் 23-ஆம் தேதி, லண்டனில் நடக்கும் வெள்ளை அடிமைத்தனம் என்ற பொருளில் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். அடிமாட்டுக் கூலி, அதிலும் பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். பாஸ்பரஸ் படிந்த மேஜை பக்கத்திலேயே ரொட்டியைத் தின்ன வேண்டிய அவலம். அடுத்த மாதம் ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கம்பெனி பணிந்தது. அபராதம் ஒழிந்தது; சாப்பிடத் தனி இடம் கிடைத்தது.

ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் ஒழியவில்லை. பத்து வருஷம் கழித்து, 1898-இல், அதே கம்பெனி கோர்ட்டில் நின்றது. பதினேழு பேருக்குத் தாடை நோய் வந்ததைச் சர்க்காருக்குத் தெரிவிக்காமல் மறைத்தது குற்றம். தண்டனை என்ன தெரியுமா? இருபத்தைந்து பவுன், ஒன்பது ஷில்லிங். பதினேழால் வகுத்துப் பார்த்தால் ஒரு தாடைக்கு ஒன்றரைப் பவுன் விழுகிறது. அப்படி மலிவாகத் தாடை கிடைக்கும்போது சாமானை மாற்ற என்ன அவசரம்? 1901-இல்தான் அந்தக் கம்பெனி வெள்ளைப் பாஸ்பரஸை விட்டது.

1906-இல் சுவிட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் ஏழு தேசங்கள் கூடித் தடை ஒப்பந்தம் செய்தன. பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1908-இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கா 1912-இல் ஒரு புதுமை செய்தது. நேராகத் தடுக்காமல், நூறு குச்சிக்கு இரண்டு சென்டு என்று வரி போட்டது. அந்த வரியைக் கொடுத்தால் வியாபாரம் கட்டாது. தொழில் தானாக மாறிற்று. இந்தியாவில் 1913-ஆம் வருஷம் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் வந்தது. ஜப்பான் 1921-இல் தடை செய்தது.

லோரின்சர் எழுதியது 1845. பிரிட்டன் சட்டம் இயற்றியது 1908. நடுவில் அறுபத்து மூன்று வருஷம். கைபேசிக்கு இரண்டு மாதம். தீக்குச்சிக்கு அறுபத்து மூன்று வருஷம்!

விஞ்ஞானம் அந்தக் காலத்தில் போதாது என்று சொல்ல முடியாது, அதைத்தான் பார்த்தோமே. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கைபேசி யார் கையில் எரிந்தது? காசு கொடுத்து வாங்கியவர் கையில். வெள்ளைப் பாஸ்பரஸ் யார் தாடையைத் தின்றது? பெரும்பாலும் அதைச் செய்தவர் தாடையை. குச்சித் தலையைத் தின்று செத்த குழந்தைகளும் உண்டு என்றாலும், வாங்கியவர்களில் கோடானுகோடிப் பேருக்கு அது சௌகரியமான குச்சிதான். வாங்குகிறவன் கை சுட்டால் கடையில் சாமான் தேங்கும். கம்பெனிக்கு அன்றைக்கே தெரியும். செய்கிறவன் கை சுட்டால் வேறொரு கை வேலைக்கு வரும். கணக்குப் புத்தகத்தில் ஒரு கோடுகூட விழாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சிவகாசிக்குப் போவோம்.

சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. 1985-ஆம் வருஷம் தனி மாவட்டம் ஆகும்வரை ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. மழை பொய்த்தால் கரிசல் வெடிக்கும். ஜனங்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போவார்கள். 1922-இல் அந்நியத் தீப்பெட்டிக்குச் சர்க்கார் இறக்குமதி வரியை உயர்த்தியது. அந்தச் சந்தர்ப்பத்தில், ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊருக்குத் திரும்பினார்கள். பயிருக்குச் சாபமான வறட்டுக் காற்று, ஈரம் ஆகாத தீப்பெட்டித் தொழிலுக்கு வரமாக அமைந்தது. வெயிலைக்கூட விலையாக்கத் தெரிந்த ஊர் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்த ஊருக்குக் குட்டி ஜப்பான் என்று பெயர். நேரு வைத்த பெயர் என்று அங்கே சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

தேதியைக் கவனியுங்கள். வெள்ளைப் பாஸ்பரஸை இந்தியா தடுத்தது 1913-இல்; சிவகாசி தொழிலைக் கற்றது 1923-இல். லண்டன் பெண்கள் தாடையைக் கொடுத்துத் திருத்திய சாமான்தான் நம் ஊருக்கு வந்தது. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் கட்டை அடுக்கிய சிறுமிகளுக்கு வேறு கஷ்டங்கள் உண்டு. முதுகு ஒடிய உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்தார்கள். அந்தக் கதைக்கு 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டியிருந்தன. ஆனால் தாடை அழுகவில்லை. எங்கோ இயற்றப்பட்ட ஒரு சட்டம், அது யாருக்காக இயற்றப்பட்டது என்று அறியாத பெண்களையும் காப்பாற்றியிருக்கிறது. சட்டத்தைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

தீப்பெட்டியிலிருந்து வர்ணத் தீப்பெட்டி, அதிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி. தொழில் இப்படிப் படிப்படியாக ஏறிற்று. இரண்டாவது உலக யுத்தம் வந்து வெளிநாட்டு வெடிகளின் வரவை நிறுத்தியதும் சிவகாசிக்கு வழி திறந்தது. அங்கே தொழிற்சாலை என்ற சொல் எழுத்தில்தான்; பேச்சில் தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். ரசாயனம் என்ற சொல்லும் கிடையாது, மருந்து. உயிரைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது தமிழ்.

இந்த மருந்தில்தான் நம் கதையின் இரண்டாம் பாகம் இருக்கிறது.

வெடி மருந்துக்குக் கந்தகம் வேண்டும். அதை எரிக்கப் பிராணவாயு கொடுக்கும் உப்பு ஒன்று வேண்டும். பழைய காலத்து உப்பு, வெடியுப்பு. அது நிதானமான ஆசாமி. பொட்டாசியம் குளோரேட் வேகமான ஆசாமி. சுலபமாகப் பிராணவாயுவைக் கொடுத்துவிடும். நிறமும் சத்தமும் பிரமாதமாக வரும். தீக்குச்சித் தலையில் இது ஏற்கெனவே இருக்கிறது. அங்கே பசையோடும் தண்ணீரோடும் சேர்த்து ஈரமாகக் குழைப்பதால் அடங்கியிருக்கிறது. பட்டாசுக்கு உலர்ந்த தூளாகக் கலக்கவேண்டும். குளோரேட்டும் கந்தகமும் உலர்ந்து கலந்தால் ஓர் உரசல் போதும், ஒரு தட்டல் போதும். அதுகூடத் தேவையில்லை. கந்தகத்தில் காற்றும் ஈரமும் பட்டு இம்மியளவு அமிலம் ஊறியிருந்தால், அது குளோரேட்டைத் தொட்டுத் தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும்.

இது புதிய கண்டுபிடிப்பா? இல்லை. பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் கலக்கக்கூடாது என்று இங்கிலாந்து சர்க்கார் 1894-ஆம் வருஷத்திலேயே உத்தரவு போட்டுவிட்டது. அதே சர்க்கார்தான் அப்போது நம்மையும் ஆண்டது. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும், 1940-ஆம் வருஷத்து விதிகளும் அவர்கள் போட்டவைதான். அவர்கள் போனபிறகு நாமும் நாற்பத்தைந்து வருஷம் ஆண்டோம். குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிமருந்தை இந்திய சர்க்கார் தடை செய்தது 1992-ஆம் வருஷம், ஜனவரி 27-ஆம் தேதி. தீக்குச்சித் தலைக்கும் பொட்டுவெடிக்கும் மட்டும் விலக்கு. 1894-க்கும் 1992-க்கும் நடுவே தொண்ணூற்றெட்டு வருஷம்.

அந்தத் தடைக்குச் சில மாதங்களுக்கு முன்னால், 1991 ஜூலையில், சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் ஒரு வெடிவிபத்து நடந்தது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின, குழந்தைகளும் இருந்தார்கள். செய்தி டில்லி வரைக்கும் எட்டியது. உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரிக்க முன்வந்து குழு ஒன்றை நியமித்தது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் புத்தகத்தில் தூங்கிய விஷயம் கெஜட்டுக்கு வந்தது அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பழைய மருந்தைக் கலந்த பெரியவர் ஒருவரைச் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சந்தித்துப் பேசினேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும். வலது கையில் இரண்டு விரல் இல்லை.

"பழைய மருந்து கோவக்காரப் பய, தம்பி. கலக்கையிலே மூச்சைக்கூட மெல்லத்தான் விடணும். இப்ப உள்ளது கொஞ்சம் பொறுமைசாலி" என்றார்.

"யார் உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது, ஐயா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லித்தந்தா? பக்கத்து ஷெட்டுல ஒருத்தரு போயிருவாரு. அவரு என்ன செஞ்சாருன்னு விசாரிப்போம். அதைச் செய்யாம இருக்கப் பழகிக்கிடுவோம். அவ்வளவுதான் படிப்பு."

கொரியாக் கம்பெனி ஆயிரக்கணக்கான கைபேசிகளையும் பாட்டரிகளையும் அடுக்கிவைத்து, இரவு பகலாக எரித்துச் சோதித்துத்தான் ஒரு பிசிறைக் கண்டுபிடித்தது. நம் ஊரில் அதே சோதனைக்கு வேறு விதமான சாமானை உபயோகித்திருக்கிறோம்.

பட்டாசில் வாங்குகிறவனைச் சுடும் கோளாறுகள் எவ்வளவு சீக்கிரம் திருந்தின என்பதையும் பார்த்துவிடவேண்டும். இல்லாவிட்டால் என் அளவுகோல் சரியானதுதானா என்று தெரியாது. 1999-இல் சத்தத்துக்கு வரம்பு வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. 2015-இல் டில்லியில், தவழும் பருவத்துக் குழந்தைகள் மூவர் பெயரால், புகையைத் தடுக்கும்படி உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பேரியம் உப்புக் கூடாது, சரவெடி கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்யவேண்டும். நாகபுரியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் புதிய கலவைகளை வகுத்துக்கொடுத்தார்கள். சிவகாசி முணுமுணுத்தது, கோர்ட்டுக்குப் போயிற்று, ஆனாலும் கலவையை மாற்றத் தொடங்கியது.

அந்தக் குழந்தைகள் ஜெயித்தது நியாயம். மூச்சு விடுகிற யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். டில்லியில் தெருவோரம் நின்றவர்களின் நெஞ்சுக்காக மருந்து மாற மூன்று வருஷம் ஆயிற்று. சிவகாசியில் அதைக் கலந்தவர்களின் உயிருக்காக மாறத் தொண்ணூற்றெட்டு வருஷம் ஆயிற்று.

தீபாவளிக் கடையில் நின்று கவனித்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள். சத்தம் எப்படி? கலர் எப்படி? விலை என்ன? இதைக் கலந்தவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா என்று நான்காவது கேள்வி கேட்க அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றினாலும் கடைக்காரரிடம் பதில் இருக்காது. பெட்டியில் எல்லாம் அச்சடித்திருக்கிறது. அது மட்டும் அச்சடிக்கப்படவில்லை.

1992-க்குப் பிறகு விபத்து நின்றுவிட்டதா? நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர். பேன்சி ரகப் பட்டாசுக்கு மணிமருந்து செய்யும்போது உராய்வு என்று பத்திரிகைகள் இரண்டு வரி எழுதுகின்றன. உராய்வு என்ற சொல்லைப் படித்துப் படித்து, அது ஏதோ இடி மின்னலைப் போல ஆகாயத்திலிருந்து விழுவது என்று நமக்குப் பழகிவிட்டது.

உண்மையில் பயர் ஆபீஸ் கட்டடத்தின் திட்டம் மிகவும் நல்ல திட்டம். ஒரு பெரிய மாளிகை கட்டாமல், சின்னச் சின்ன அறைகளாக, ஒன்றுக்கொன்று எட்டத்தில் கட்டச் சொல்கிறது விதி. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான். பல பக்கம் வாசல். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பது கருத்து. சண்டைக்காரர்களைப் பிரித்து வை என்று பேராசிரியர் பாஷ் சொன்ன அதே தத்துவம்தான்.

இவ்வளவு நல்ல திட்டம் ஏன் தோற்கிறது? கைபேசியைப் பற்றித் தெரிந்த என் உறவுக்காரப் பையன் ஒருவன் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தான். கண்ணால் பார்க்கிற கண்ணாடியும் பாட்டரியும் கருவியில் பாதிதானாம். அவற்றை இயக்கும் கட்டளை வரிசை, மென்பொருள், கண்ணுக்குத் தெரியாத மறு பாதி. முதல் பாதி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கட்டளையில் பிழை இருந்தால் கருவி கெடும்.

பயர் ஆபீஸுக்கும் அப்படி ஒரு கட்டளை இருக்கிறது. அதற்குப் பெயர் பீஸ் ரேட். இத்தனை குழாய்க்கு மருந்து செலுத்தினால் இவ்வளவு கூலி. அறை சொல்கிறது: நிதானமாகச் செய். கூலி சொல்கிறது: வேகமாகச் செய். தீபாவளி நெருங்க நெருங்க இரண்டாவது குரல் ஓங்குகிறது. நாலு பேர் இருக்கவேண்டிய இடத்தில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள், மரத்தடியிலும் உட்காருகிறார்கள். அலுமினியப் பொடி ஈரம் பட்டுச் சூடேறுவதைக் கவனிக்க நேரமில்லை. நடுப்பகல் வெயிலில் நிறுத்தவேண்டிய வேலை நிற்பதில்லை. அப்புறம் விசாரணை வைத்து, இறந்துபோன தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. கட்டளையை எழுதினவரை யாரும் கேட்பதில்லை.

ஏதோ பழைய தொழில், படிக்காத ஊர், அதனால்தான் இப்படி என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். அவர்களுக்காக மறுபடியும் கைபேசி உலகத்துக்கே போகிறேன். 2009-ஆம் வருஷம், சீனாவில் சூசௌ நகரில், ஆப்பிள் கைபேசிகளுக்குத் தொடுதிரை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், கண்ணாடியைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலாக ஹெக்ஸேன் என்ற திரவத்தைப் புகுத்தினார்கள். காரணம், அது சீக்கிரம் உலரும். அதன் ஆவி நரம்பைத் தின்றது. 137 தொழிலாளிகள் கைகால் மரத்து ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். கைபேசியை வாங்கியவர் யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. திரை கண்ணாடிபோல் பளபளத்தது. கடைசிக் கட்டப் பூட்டு வேலையில் ஹெக்ஸேன் கூடாது என்று ஆப்பிள் கம்பெனி அறிவித்தது 2014 ஆகஸ்டில். ஐந்து வருஷம்! எரிந்த கைபேசிக்கு இரண்டு மாதம்; எரிந்த நரம்புக்கு ஐந்து வருஷம். ஊர் புதிது, தொழில் புதிது, கணக்கு மட்டும் பழையது.

இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலே நம் பெண்கள் கைபேசி பூட்டுகிறார்கள். விருதுநகர் மாவட்டத்து பயர் ஆபீஸ்களுக்கு இருட்டோடு வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போவதுபோல, அங்கேயும் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. சந்தோஷமான விஷயம்தான், வானம் பார்த்த பூமியின் பெண்ணுக்குக் கையில் சம்பளம் வருவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பட்டாசுத் தொழிலை நாளைக்கே மூடவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மூடினால் அந்தக் கரிசலில் அடுப்பு எரியாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தீப்பெட்டியின் சரித்திரத்தில், வைத்தியர் எழுதினார், பேராசிரியர் வழி சொன்னார், பெசன்ட் அம்மையார் ஊரைக் கூட்டினார், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, செய்கிறவரின் தாடையைக் கெடுக்கும் சாமானை விற்கவே முடியாது என்று ஒரு சட்டம் வந்ததும்தான் அது ஒழிந்தது. அமெரிக்காவில் நூறு குச்சிக்கு இரண்டு சென்டு என்ற வரி, எத்தனையோ பிரசங்கங்கள் செய்ய முடியாததைச் செய்தது. தாடையின் விலை குச்சியின் விலையில் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் மாயம்.

கைபேசி வாங்குகிறவன் கையில் புகைந்தால், அந்த மாதிரியையே கடையிலிருந்து திரும்ப வாங்குகிறார்கள். ஒரு கலவை, அதைச் செய்கிறவர் கையில் வெடித்தால், அந்தக் கலவையையும் அப்படியே திரும்ப வாங்கவேண்டும். காரணம் தெரிந்து திருத்தும் வரையில் அந்த ரகம் எந்த ஆபீஸிலும் ஓடக்கூடாது. மருந்து கலப்பதற்கும் செலுத்துவதற்கும் பீஸ் ரேட் கூடாது. நாள் சம்பளம் கொடுக்கவேண்டும். அதனால் வெடியின் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும். அந்தக் கொஞ்சத்தை இதுநாள் வரை நமக்காக வேறொருவர் கட்டிவந்திருக்கிறார். சாத்தூர்ப் பெரியவர் கட்டியது இரண்டு விரல்.